நாலு மீன் நீரூற்று

நீரூற்றுத் தொட்டிக்குள் ஒரு மான் படுத்திருந்தது.

நிரோஜினி குடையைச் சுருக்கி அதன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். மான் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"அது எழும்பாது மிஸ்," என்றார் முனாஸ். "தண்ணி நிண்ட நாள் தொடக்கம் இதுதான் அதுட வீடு."

முனாஸ் கிண்ணியாக்காரர். நகரசபையின் குழாய் வேலை எல்லாம் அவர் கையில்தான். நிரோஜினி பூங்காக்களுக்குத் தற்காலிகப் பொறுப்பாளர். அதற்கு முன் நூலகத்தில் இருந்தவள். எந்தப் புத்தகம் எந்த அலுமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். குழாயைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, திறந்தால் தண்ணீர் வரவேண்டும் என்பது மட்டுமே. இந்த மாதம் பதவி நிரந்தரமாக வேண்டும். ஆகாவிட்டால் வெருகலுக்கு மாற்றம் என்று நகரசபைக் கந்தோரில் கதை அடிபட்டது.

காலையில்தான் செயலாளர் சிவகுருநாதன் தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"பிள்ளை, கொழும்பில இருந்து ரெண்டு பேர் வருகினம். துறைமுகப் பூங்கா நீரூற்றைப் பாக்கத்தான் வருகினம். நான் மூதூரில கூட்டத்தில நிக்கிறன். நீங்கள்தான் நிண்டு காட்டவேணும். முக்கியமான ஆக்கள், கவனம்."

"ஓம் சேர்," என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து வந்தவள்தான். வந்து பார்த்தால் நடுவில் சிமெந்துத் தாமரை மொட்டு, சுற்றிவர வாயைப் பிளந்தபடி நாலு சிமெந்து மீன். மீன்களின் வாயில் ஐஸ்கிறீம் குச்சியும் காய்ந்த இலையும். அடியில் மான்.

"முனாஸ் நானா, பின்னேரத்துக்குள்ள இது ஓடவேணும்."

முனாஸ் தொட்டியைப் பார்த்தார், மானைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். "ஓடும் மிஸ். ஆனா முதல்ல இது ஓடவேணும்," என்று மானைக் காட்டினார்.

பூங்கா வாசலில் பழம் விற்கும் புஸ்பராணியிடம் போய் பலாப்பழச் சக்கை கொஞ்சம் வாங்கி வந்து தூரத்தில் போட்டாள் நிரோஜினி. மான் எழுந்தது, சோம்பல் முறித்தது, மரியாதையாக நடந்து போய்ச் சாப்பிட்டது. ஊருக்குள் திரியும் மற்ற மான்களும் கோட்டைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சக்கை முடிந்ததும் அவை வாசனை வந்த இடத்தைத் தேடி வாசலுக்கே போய்விட்டன.

கொஞ்ச நேரத்தில் புஸ்பராணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "தங்கச்சி, உங்கட மானெல்லாம் என்ர அன்னாசியைத் தின்னுது."

"என்ர மான் இல்லை அக்கா."

"நீங்கள்தானே கூப்பிட்டு விருந்து வைச்சனீங்கள்."

மான்களை விரட்ட நிரோஜினியே ஒரு கம்போடு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது முனாஸ் தொட்டிக்குக் கீழேயிருந்த மோட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கடல் காற்றில் அது துருப்பிடித்து உதிர்ந்து, பாதி அவர் கையிலும் பாதி மண்ணிலுமாக இருந்தது.

"இது சரிவராது மிஸ். தம்பலகாமத்தில என்ட மச்சானிட்ட ஒரு பம்ப் இருக்கு. கொண்டுவரச் சொல்லட்டா?"

"அது நல்ல பம்பா?"

"வயலுக்கு இறைக்கிறது மிஸ். வாய்க்கால் நிறைய அடிக்கும்."

அந்தப் பதிலை நிரோஜினி இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பம்ப் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியது. ஆனால் தொட்டி நிரம்பவில்லை. பூங்காக் குழாயில் தண்ணீர் நூல் போல வந்தது. முனாஸ் மலசலகூடத்துக்குப் போகும் குழாயை வெட்டித் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். தொட்டி நிரம்ப நிரம்ப, மலசலகூட வாசலில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஒருவர் வெறும் வாளியோடு வந்து நிரோஜினியின் முன்னால் நின்றார். அவள் தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்தாள். அதைக் கண்டதும் மற்றவர்களும் வாளியோடு வந்தார்கள்.

"போடுங்கோ நானா, இந்த ஆக்கள் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போக முதல்," என்றாள்.

முனாஸ் பம்பை இயக்கினார்.

முதலில் நாலு மீனும் இருமின. பிறகு குச்சிகள் பறந்தன. அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் துருத்தண்ணீர் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. வேலிக்கு அப்பால் துறைமுகத்தைப் பின்னணியாக வைத்து ஒரு புதுமணச் சோடி படம் பிடித்துக்கொண்டிருந்தது.

நிரோஜினி கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடினாள். மாப்பிள்ளையின் பட்டுவேட்டி தேத்தண்ணி நிறமாகியிருந்தது. பொம்பிளை வாயைத் திறந்தபடி நின்றாள். படம் எடுத்தவர் மட்டும் சந்தோசமாக இருந்தார். "பொம்பிளை, அப்பிடியே நில்லுங்கோ. மிஸ், இன்னொருக்கா அடிக்கச் சொல்ல ஏலுமோ?"

"நானா, குறையுங்கோ," என்று கத்தினாள்.

பம்பில் குறைக்க வழி இல்லை. முனாஸ் ஓர் உரப்பையைக் கிழித்து இரண்டு மீன்களின் வாயை அடைத்தார். அந்த இரண்டும் அடங்கின. அவற்றின் பங்கும் சேர்ந்து மூன்றாவது மீனுக்குப் போயிற்று. அதன் தலை சத்தத்தோடு கழன்று, மேலே எழும்பி, தொட்டிக்குள்ளேயே வந்து விழுந்தது.

இருவரும் தலையில்லாத மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முன்னப் பாக்க இப்ப நல்லா அடிக்குது," என்றார் முனாஸ் மெதுவாக.

நிரோஜினி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். வெருகலுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று யோசித்தபோது அழுகை வந்தது. முனாஸ் அவளைப் பார்க்காதது போல் குனிந்து, தண்ணீரின் ஒரு பங்கைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு குழாயை இணைத்தார். பிறகு உரப்பைகளை உருவினார்.

தண்ணீர் தணிந்தது. துருவும் போய்த் தெளிந்தது. மூன்று மீன்களும் ஒரே அளவாக வளைத்து அடித்தன. தாமரை மொட்டு வெயிலில் மினுங்கியது. தலையில்லாததும் தன்னால் முடிந்ததைச் செய்தது. வாளியோடு நின்றவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நிரோஜினிக்கும் எழுந்து போக மனம் வரவில்லை.

அப்போது வாசலில் வெள்ளை வான் வண்டி ஒன்று வந்து நின்றது.

அவள் சட்டென்று போய்த் தலையில்லாத மீனுக்கு முன்னால் நின்று, சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டாள். மீன் அவளுடைய முதுகில் அடித்தது.

வந்தவர்கள் ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும். இருவரும் நீரூற்றைப் பார்த்ததும் நடையை நிறுத்திவிட்டார்கள்.

"ஓடுது," என்றார் ஐயா.

"ஓம் சேர். நல்லா ஓடுது," என்றாள் நிரோஜினி. முதுகு குளிர்ந்து பல்லும் லேசாக அடித்தது.

அம்மா தொட்டியைச் சுற்றி நடந்தார். "எங்கேயாவது வெடிப்பு, ஒழுக்கு?"

"ஒரு சொட்டு ஒழுகாது மடம்."

"இடைக்கிடை நிண்டு போறது?"

"ஒரு நாளும் நிண்டதில்லை."

"மோட்டர் பழசாக இருக்குமே," என்றார் ஐயா. குரலில் ஏதோ ஓர் ஆசை தெரிந்தது.

"வயலுக்கே இறைக்கலாம் சேர். அவ்வளவு நல்ல மோட்டர்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா பெருமூச்சு விட்டார். "நல்ல வடிவாகப் பராமரிச்சிருக்கிறீங்கள் மகள்," என்று அவளுடைய கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, ஐயாவோடு கடற்கரைப் பக்கம் மெல்ல நடந்து போனார்.

நிரோஜினி நின்ற இடத்திலேயே சிரித்தாள். முனாஸ் நனைந்த இடுப்புச் சாரத்தைப் பிழிந்தபடி, "வெருகல் பஸ்ஸை மறந்துடுங்க மிஸ்," என்றார்.

வான் வண்டியில் சாய்ந்து அன்னாசித் துண்டு தின்றுகொண்டிருந்த சாரதி பக்கத்தில் வந்து, நீரூற்றை மேலும் கீழும் பார்த்தான்.

"உங்கட செயலாளர் ஐயா ஒரு வருசமாக் கெஞ்சினதாலதான் இவங்க புது நீரூற்று கட்டித்தர வந்தவங்க மிஸ், இனி உடைஞ்சது வேற எந்த ஊரில இருக்கெண்டு தேடிப் போகவேணும்."