கடைசிக்கு முந்தின பல்லைக் காட்டுகிறவர்

உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒரு வாய்காட்டியாவது இருப்பார். இல்லை என்கிறீர்களா? நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், "நான் பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. படித்து முடித்துவிட்டேன் என்பது ரொம்ப அதிகம். போகிறேன் என்றாலே போதும். நாலு பேரில் ஒருவர் உங்கள் முழங்கையைப் பிடித்து மெதுவாக ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போவார். வெளிச்சம் வேண்டுமல்லவா? அங்கே நின்று, தலையை அண்ணாந்து, உதட்டை ஆள்காட்டி விரலால் ஓரமாக இழுத்து, பார்வையை மட்டும் உங்கள் முகத்திலிருந்து எடுக்காமல் வாயைத் திறப்பார்.

"ஆ… இங்க பாரு. கடைசிக்கு முந்தினது."

அவர்தான்.

இந்த இனத்தை நான் அருகிலிருந்து கவனித்தவன். பேசுவதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபம் என்பது ஒரு காரணம். நானே விண்ணப்பித்தேன் என்பது இன்னொன்று.

கல்லூரியில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தபோது, சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்து போன கையோடு என் கால்கள் எழுந்திருக்க மறுத்தன. சில நாட்களில் கைகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. நரம்புகளைப் பிடிக்கிற நோய், பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் தன் சௌகரியப்படிதான் சரியாகும் என்றார் டாக்டர். அதன் சௌகரியத்துக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கல்லூரி நின்றுபோய், ஸ்பூனைப் பிடிப்பதும் சட்டைப் பொத்தானைப் போடுவதுமே என் பாடங்களாயின.

அந்த நாட்களில் பார்க்க வந்த யாரும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, எனக்கு மேலாக அம்மாவிடம், "சாப்பிடறானா? தூங்கறானா?" என்று விசாரிப்பார்கள். அவர்களுக்கு நடுவே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடை மாதிரி நான் கிடப்பேன். பெரியப்பா அறைக்குள்ளேயே வரமாட்டார். வாசற்படியில் நின்று என் பாதங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "நல்ல பையன்" என்பார். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது வருமே, அந்தக் குரலில்.

கைகள் திரும்பி வந்தபோது, விரல்களுக்குப் பயிற்சியாகச் சோப்புக்கட்டியைச் செதுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். முதலில் செதுக்கியதெல்லாம் உருளைக்கிழங்காகவே வந்தது. பல நாள் கழித்து ஒரு காலையில், நான் நினைக்காமலே, நாலு மேடும் நடுவில் ஒரு பள்ளமுமாக ஒரு கடைவாய்ப்பல் வந்து உட்கார்ந்தது. அதை ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என்ன படிப்பது என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

பல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்த செய்தி வெளியே போனது. முதல் ஆளாக வந்தவர் பெரியப்பா. இந்த முறை வாசற்படியைத் தாண்டி, நேராக என் அறைக்குள், என் ஜன்னலுக்கே வந்தார்.

"ஆ… தெரியுதா?"

"தெரியுது பெரியப்பா. ஆனா நான் இன்னும் சேரவே இல்ல…"

"அட, சும்மா பாருடா. பாக்கறதுக்கு என்ன படிப்பு?"

"கறுப்பா இருக்கு."

"அது காபி."

"ஆடற மாதிரியும் இருக்கு."

"ஆடல. நான் மூச்சு விடறேன்."

"வலிக்குதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒவ்வொரு வாய்காட்டியும் காத்திருக்கிறார். விரலை வாயிலிருந்து எடுத்து வேட்டியிலோ கால்சட்டையிலோ துடைத்துக்கொண்டு, ஒரு தத்துவவாதியின் நிதானத்தோடு சொல்வார்: "வலின்னு சொல்ல முடியாது. ஆனா இருக்கு."

பிறகு வரலாறு தொடங்கும். இந்தப் பல் முதன்முதலில் கூசிய நாள், அன்று குடித்த ஐஸ் தண்ணீர், அதைக் கொடுத்த மைத்துனர், மைத்துனரின் குணம், அன்றிலிருந்து வலது பக்கமாகவே மென்று சாப்பிடக் கற்றுக்கொண்ட சாமர்த்தியம், கிராம்பை எந்த இடுக்கில் எப்படி ஒதுக்குவது என்ற நுட்பம் எல்லாம் வரும். ஒரு பல் டாக்டரின் முகம் மட்டும் அந்த வரலாற்றில் எங்கும் வராது.

"ஒரு டென்டிஸ்ட்கிட்ட காட்டலாமே பெரியப்பா?"

வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

"அவங்க எதுக்கு? நீ பாத்தா போதும்டா. நீ நம்ம புள்ள."

முடி வெட்டுகிறவர் இன்னும் ஒரு படி மேல். என் கழுத்தில் துணியைச் சுற்றிவிட்டு, கத்தரியைக் கையில் வைத்தபடியே, எதிரில் இருந்த கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்தார். கண்ணாடியில் பார்த்ததால் இடது எது, வலது எது என்று எனக்குக் குழம்பியது. நல்ல பல் ஒன்றைப் பார்த்துக் கவலையோடு தலையாட்டினேன். "அப்படியா!" என்று அவரும் கவலைப்பட்டார். அன்றைக்கு என் முடி ஒரு பக்கம் குட்டையாகிப்போனதற்கு என் நோயறியும் திறமைதான் பொறுப்பு.

இவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. வைத்தியம் வேண்டுமென்றால் வைத்தியரிடம் போகலாமே? பிறகு புரிந்தது. வாய்காட்டிக்கு வேண்டியது பார்வை மட்டும். நாற்காலி இல்லாத, ஊசி இல்லாத, கையில் பளபளவென்று எதுவும் இல்லாத ஒருவரின் அக்கறையான பார்வை. அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவனைப்போலப் பொருத்தமான டாக்டர் உலகத்தில் கிடையாது.

எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்? ஒன்றரை வருடம் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தவர்கள் இப்போது என் முன்னால் தலையை அண்ணாந்தார்கள். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. அவரவர்க்கு அவரவர் பல்.

கைகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நானும் அப்பாவும்தான். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக இருந்த கைகள், பயந்தால் மட்டும் நடுங்கின.

"இன்டர்வியூல கையைப் பத்திக் கேப்பாங்களா?" என்றார் அப்பா, தோளில் துண்டோடு.

"கண்டிப்பா கேப்பாங்கப்பா."

"என்ன சொல்லப் போற?"

"தெரியல."

அவர் குளிக்கப் போனார். அங்கே இருந்தது நான் பல்லாகச் செதுக்கிய சோப்பு. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "ஊர்ல எல்லார் வீட்லயும் சோப்பு இருக்கும். இங்கதான் சோப்புக்கு வேர் இருக்கு! குத்துதுடா!"

இன்டர்வியூ அறையில் நீள மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் துறைத்தலைவியான பேராசிரியை. மற்றவர் நிர்வாக அலுவலர். பருத்த உடம்பு, கண்டிப்பான மீசை. அவர் தண்ணீர் குடிக்கும்போது தலையை வலது பக்கம் சாய்த்துக் குடித்தார். எனக்குச் சுருக்கென்றது. இவரும் அந்த இனம்தானோ?

"ஒன்றரை வருஷம் படிப்பு நின்னிருக்கு. நோயைப் பத்தி டாக்டர் எழுதினதைப் படிச்சேன்," என்றார் பேராசிரியை. "எங்க வேலைக்குக் கைதான் எல்லாம். உங்க கை இப்ப எப்படி?"

"நல்லா இருக்கு மேடம்."

"நீட்டுங்க."

நீட்டினேன். பத்து விரலும் மழையில் நிற்கிற செடிபோல ஆடின. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் கூடியது. பயம் கூடியதும் ஆட்டமும் கூடியது. அவர் முகத்தில் எதையும் காட்டாமல், "சரி, வெளியே இருங்க" என்றார்.

வெளியே நடையில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். முடிந்தது என்றே நினைத்தேன். வீட்டில் மீதமிருக்கும் சோப்புகளை அப்பா நிம்மதியாகக் கரைக்கலாம்.

கதவு திறந்தது. நிர்வாக அலுவலர். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, அந்த ஜன்னல் பக்கம் கொஞ்சம் வாங்களேன்."

"சார், இந்தக் கட்டடம் பூரா பல் டாக்டருங்கதானே!"

"அதாம்பா தொல்லையே. அவங்க பாத்தா விடுவாங்களா? கையிலயே எல்லாம் வெச்சிருக்காங்க." தன் போனில் டார்ச்சைப் போட்டு என்னிடம் கொடுத்தார். "சும்மா பாருங்க. ஆ…"

இந்த இனத்தின் முன்னால் எத்தனை முறை நின்றிருப்பேன்! திறந்த வாய்க்கு எதிரே எனக்குக் கூச்சம் வருவதில்லை; அவருக்கு வெட்கம் இல்லாதபோது எனக்கென்ன? குனிந்து பார்த்தேன். இடது கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தினது. வெளிச்சம் அந்தப் பள்ளத்துக்குள் போய் அப்படியே நின்றது.

"ஓட்டை ஆழமா இருக்கு சார். இன்னிக்கே காட்டிடுங்க."

"வலின்னு சொல்ல முடியாது தம்பி…"

"ஆனா இருக்கு. இல்லையா சார்?"

"இருக்குமே," என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அலுவலரின் வாய் மூடிக்கொண்டது. மீசை மட்டும் துடித்தது. "எப்ப வந்தீங்க மேடம்?"

"நீங்க ஆன்னு சொல்றப்பவே." பேராசிரியை அவர் வாயைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிச்சம் ஆடும்னு பாத்துட்டு நின்னேன். ஆடல." பிறகு அலுவலரிடம், "நீங்க என் ரூமுக்கு வாங்க" என்றார். கண்டிப்பான அந்த மீசை, ஊசி போடக் கூட்டிப்போகும் குழந்தையாக அவர் பின்னால் போயிற்று.

எனக்கு இடம் கிடைத்தது. சேரப் போன அன்று அலுவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உதட்டைப் பிரிக்காமல்.

வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அன்று மாலை பெரியப்பா வந்தார். பழக்கதோஷத்தில் நானே ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

"வாங்க பெரியப்பா. அந்தக் கடைசிக்கு முந்தினது எப்படி இருக்கு?"

"அதுவா? அது எப்பவோ சரியாப் போச்சுடா," என்றார், தாடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. கோட்டுப் பையில் என்ன இருக்கிறது என்று ஒரு கண் பார்த்தது. வாசற்படிக்கு அப்பாலேயே நின்று, அம்மா கொடுத்த பிஸ்கட்டை வலது பக்கமாகவே மென்றுவிட்டுப் போனார்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். ஒழுங்காக டாக்டரிடம் போகிறவர். இதையெல்லாம் படித்து யாரையோ நினைத்துச் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: நடுவில் எங்கேயோ ஆரம்பித்து இப்போதுவரை, உங்கள் நாக்கு ஓயாமல் எந்தப் பல்லிடம் போய்ப் போய் வருகிறது?

வலி இல்லைதான். ஒத்துக்கொள்கிறேன்.

நான் முதல் வருடம்தான் படிக்கிறேன். கோட்டுப் பையில் ஒரு பேனா தவிர ஒன்றுமில்லை, கருவி எதையும் இன்னும் எங்கள் கையில் கொடுக்கவில்லை. இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள்.