கதவு விசாரணை

மண் சுமந்து நோகும் கழுத்துக்குப் பொன்னங்கண்மாயில் பெரிய மரியாதை. கண்மாய் வெட்டுகிற இடத்தில் கூடையை இறக்கிய பெண் "கழுத்து நோகுது" என்றால் கங்காணியே விளக்கெண்ணெய் கொடுத்துவிடுவார். மற்ற நோவுகளைத் தீர்த்துவைக்க அந்த ஊரில் ஒரு மகாசபை இருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் முழுக்கச் சல்லடை போட்டாலும் அந்த அறிவுக்கு ஈடு அகப்படாது.

அங்கே மண் சுமக்கும் அழகிக்குக் கழுத்தும் நொந்தது. அது பெரிதில்லை. இருபது கடந்த உடம்பு. இரண்டாள் மண்ணை ஒற்றையாகச் சுமக்கும். ராத்திரி புருஷன் சோலையப்பன் பக்கத்தில் வந்தால் மட்டும் அது அவள் பேச்சைக் கேட்காது. அவன்மேல் அவளுக்கு ஆசைதான். ஆனாலும் தாடையிலிருந்து தொடைவரை தானாக இறுகிக்கொள்ளும். மீறினால் கத்தி வைத்தாற்போல் வலி. கல்யாணமாகி வருஷம் திரும்பியும் இதே கதை.

மாமியார் பிச்சையம்மாள் மருமகள் வயிற்றைப் பார்த்துப் பார்த்து அலுத்து, ஒருநாள் நேரே கேட்டாள்.

"ஏன்டி, எம் மகனை வேணாங்கிறியா? வேணாமுன்னா ஒன் ஆத்தா வீட்டுக்குப் போயிரு. வேற பொண்ணு பாத்துக்கிறோம்."

"ஐயோ, நான் வேணாங்கலைங்க அத்தை. கதவு தானாச் சாத்திக்கிருது."

பிச்சையம்மாளுக்கு அதுவே போதும். வீட்டுக்கதவில் கோளாறு என்று ஊர்த்தலைவர் ஆண்டிச்சாமி அம்பலத்திடம் போய் நின்றாள். விஷயம் இரண்டு விதத்திலும் அம்பலமானது.

சபை கூடியது. வம்சம் தழைக்கச் 'சாத்தியம்' உண்டா என்பதே அன்றைய பொருள். அம்பலம் தொண்டையைச் செருமினார்.

"காத்துல சாத்துதா?"

"காத்தே இல்லாதப்பவும் சாத்துதாங்க" என்றாள் பிச்சையம்மாள்.

"கீலுக்கு எண்ணெய் விட்டுப் பாத்தீங்களா?"

"எண்ணெய் எதுக்குங்க?" என்றார் தச்சுவேலை ஞானமணி. "ஆம்பளை தோள் குடுத்து ஒரு தள்ளு தள்ளுனா எந்தக் கதவும் தொறக்கும்."

சபை தலையாட்டியது. ஓரத்தில் நின்ற அழகி ஓரடி முன்னால் வந்தாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "தள்ளத் தள்ளத்தாங்க இறுகுது."

"கதவைப் பத்தி ஒனக்கென்ன தெரியும், ஆத்தா? பேசாம நில்லு" என்றார் அம்பலம்.

அவள் சோலையப்பனைப் பார்த்தாள். எந்தக் கதவென்று அறிந்த ஒரே ஆண் அவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் கலைந்துவிடும்.

"மாப்ளே, நீ சொல்லப்பா" என்றார் அம்பலம்.

அவன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினான். "என் கையில ஒண்ணும் கோளாறு இல்லைங்க."

பொன்னங்கண்மாய் உள்ளவரை நிற்கப்போகும் தீர்ப்பை அம்பலம் வழங்கினார்: "கதவே இல்லாட்டி எப்படிச் சாத்தும்? கழத்திக் கொண்டாங்கடா."

கொண்டுவந்த கதவைச் சும்மா போட மனமில்லாமல் கல்லை முட்டுக்கொடுத்து அதன்மேல் அவரே அமர்ந்தார். அறிவுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது.

கதவில்லாத வீட்டுக்குள் கோழி வந்தது. பக்கத்து வீட்டு ஆடு வந்தது. "இப்பத் தொறந்திருக்கா?" என்று அக்கறையாக விசாரிக்கும் நல்லவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ராத்திரி மட்டும் இறுகிய உடம்பு இப்போது பகலிலும் இறுகியது.

பொழுது சாய வந்த சோலையப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினான்.

"கழுத்து வலிக்குதா?"

அழகி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வலி என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதே இன்றைக்குத்தான்.

"கழுத்து இல்லைங்க" என்றாள். அடுத்ததைக் கேட்பான் என்று காத்திருந்தாள்.

"அப்பச் சரி" என்று நிம்மதியாகப் பாயை விரித்தான் அவன்.

சபை இப்போதும் சீரும் சிறப்புமாக நடக்கிறது. அழகியைத் தள்ளிவைப்பது பற்றி அந்தக் கதவின்மேல் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். ஊர் அவளுக்கு ஒரு கதவு பாக்கி. சோலையப்பன் ஒரு கேள்வி பாக்கி: "பின்னே, எங்கிட்டு வலிக்குது?"