எங்கள் பள்ளிக்கூடம்தான் முதல்

பள்ளிக்கூட வரலாற்றாளர் என்றொரு இனம் உண்டு. சிறிய ஊர்களில்தான் வளரும். பெரிய நகரத்தில் அவர் வாயைத் திறப்பதற்குள் எதிரில் இருப்பவர் பஸ் ஏறிவிடுவார்; சிற்றூர்க்காரர், பாவம், எங்கே ஓடுவார்? ஊருக்கு ஒருவர் போதாதா என்று கேட்பீர்கள். இரண்டு பள்ளிக்கூடம் இருந்தால் இரண்டு பேர் முளைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் மூன்று. அதில் மேட்டுப் பள்ளிக்கு வாய்த்தவன் அடியேன்.

எங்களை அடையாளம் காண்பது எளிது. நீங்கள் காய்ச்சலோடு மருந்துக்கடையில் நிற்கிறீர்கள், தலை வெடிக்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல், இந்த இடத்தில் ஒரு காலத்தில் மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு நடந்தது தெரியுமா என்று கேட்கும். தெரியாது என்றால் சொல்வோம். தெரியும் என்றாலும் சொல்வோம். எங்கள் கையில் ஒரு பை, பைக்குள் ஒரு கோப்பு, கோப்புக்குள் பழைய வகுப்புப் புகைப்படத்தின் நகல் ஒன்று. அதிலுள்ள நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேருடைய பெயர், அப்பா பெயர், எந்த வகுப்பில் கோட்டைவிட்டார்கள் என்பது வரை மளமளவென்று ஒப்பிப்போம், இரண்டாம் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் அந்த ஒருவன் யார் என்று தெரியாமல் பதினோரு ஆண்டுகளாகத் தூக்கம் கெட்டு அலைவோம். பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் நினைவிருக்குமா? என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் இனத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிரி கட்டாயம். என்னுடையவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஸ்டேஷன் பள்ளியின் பழைய மாணவர். 1910இல் தொடங்கிய தம் பள்ளிதான் ஊரிலேயே முதல் என்பார். எங்கள் பள்ளியின் வாசல் வளைவிலோ, சொல்ல நாக்கூசுகிறது, 1911 என்றுதான் செதுக்கியிருக்கிறது. ஆனால் வளைவு கட்டுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சுங்கச்சாவடிக் கணக்கர் ஒருவர் அதே கட்டடத்தில், அது தானியக் கிடங்காக இருந்தபோதே, மாடியில் பதினேழு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகவே 1908 என்பது என் கட்சி. மூட்டைகளுக்கு மேலே நடந்தது பள்ளிக்கூடமா, வெறும் டியூஷனா என்பது அவர் கேள்வி. இதை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் அவர் கடையில் மல்லுக்கு நிற்கிறோம். கண்ணைச் சோதிக்க வந்தவர்கள் சுவரிலுள்ள எழுத்து அட்டையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கேடில்லை. போன வருடம் கல்விக் குழுவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஊரில் மூன்று பள்ளிகளுக்குப் போதுமான பிள்ளைகள் இல்லை, ஒன்றை மூட வேண்டும், எதை என்று முடிவு செய்யுமுன் பள்ளிக்கு ஒருவர் எட்டு நிமிடம் பேசலாம். பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் பேசக்கூடாது. மேட்டுப் பள்ளியின் தலைமையாசிரியை என் கூடப்பிறந்த தங்கை. நாற்பத்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள். வேறு வழியில்லாமல், உண்மையிலேயே வேறு வழியில்லாமல்தான், என்னிடம் வந்தாள். ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொண்டுவந்தாள்.

"இதை மட்டும் படிண்ணா. நம்ம ஸ்கூலை மூடினா அஞ்சு வயசுக் குழந்தைங்க லாரி ரோட்டைத் தாண்டிப் போகணும். மேம்பாலம் கிடையாது, பஸ் கிடையாது. அவ்வளவுதான். வரலாறு வேண்டாம்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

"சின்னப் பிள்ளைன்னா எனக்குப் பயமே இல்ல. சொன்னதைச் செய்யும்."

கூட்டத்தன்று தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகத்தான் போனேன். எனக்கு முன்னால் பேசியவர் கண்ணாடிக் கடைக்காரர். போகிற போக்கில், "ஊரின் முதல் பள்ளியான எங்கள் பள்ளி" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒரே ஒரு வார்த்தை. நான் மைக்கைப் பிடித்து, விஷயத்துக்கு வருமுன் ஒரு சின்னத் திருத்தம் என்று ஆரம்பித்தேன்.

அந்தச் சின்னத் திருத்தத்தில் சுங்கச்சாவடிக் கணக்கர் வந்தார், பதினேழு பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள், கிடங்கின் பத்திரம் வந்தது, அது பள்ளியாவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே எழுந்த கட்டடம் என்பது வந்தது, அன்றைய உத்தரங்களே இன்றும் மாற்றப்படாமல் கூரையைத் தாங்குகின்றன என்று நான் நேரில் ஏறித் தட்டிப் பார்த்த கதை வந்தது. லாரி ரோடு வரவில்லை. ஏழாவது நிமிடத்தில் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து மறுத்தார், நான் மறுப்புக்கு மறுப்புச் சொன்னேன், மணி அடித்துவிட்டது. குழுத் தலைவியம்மாள் நல்ல மனுஷி. இன்னும் அரை நிமிடம் தருகிறேன், முக்கியமாக ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள் என்றார். அரை நிமிடம் தாராளம். நாலு வரிதானே? கடைசி பெஞ்சிலிருந்து தங்கை தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், என் சட்டைப் பையைத்தான் சொல்கிறாள். நானோ அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, 1908 என்று இன்னொரு முறை சொல்லி முடித்தேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மேட்டுப் பள்ளி 1908இல் தொடங்கப்பட்டது என்பதைக் குழு ஏற்றுப் பதிவு செய்திருந்தது. முதல் பத்தியிலேயே. படித்ததும் எனக்குப் புல்லரித்தது, மறைப்பானேன். இரண்டாவது பத்தியில், பழைய மாணவர் ஒருவர் ஆதாரங்களோடு நிரூபித்தபடி மூன்று கட்டடங்களில் இதுவே மிகப் பழையது என்பதாலும், உத்தரங்கள் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்பதாலும், பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி இந்தப் பள்ளி மூடப்படுகிறது என்று இருந்தது.

தங்கை கத்தவில்லை. உத்தரவை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"ஜெயிச்சுட்டண்ணா" என்றாள்.

அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை. அவள் இப்போது ஸ்டேஷன் பள்ளியில் உதவி ஆசிரியை. காலையிலும் மாலையிலும் லாரி ரோட்டின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். மறு பக்கம் நான் ஒரு சிவப்புத் துணியோடு நிற்கிறேன். லாரிக்காரர்களில் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். மீதிப் பேரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கண்ணாடிக் கடைக்காரர் பெருந்தன்மையாக 1908ஐ ஒப்புக்கொண்டுவிட்டார். மூடிய பள்ளியோடு அவருக்கு என்ன போட்டி? வேறு பொழுதுபோக்கும் இல்லாததால் சனிக்கிழமைகளில் இப்போது ஆற்றங்கரைப் பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது என்பதில் இறங்கியிருக்கிறோம்.

வாசகரே, என்னைப் பார்த்துச் சிரித்தது போதும். உண்மையைச் சொல்லுங்கள். இவ்வளவும் படித்த பிறகு உங்கள் மனதில் ஓடுவது அந்த நாற்பத்தாறு பிள்ளைகள் இன்று சாயங்காலம் ரோட்டைத் தாண்டிவிட்டார்களா என்பதா, இல்லை, மாடியில் நடந்ததைப் பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதா? இரண்டாவது என்றால் கூச்சப்படாமல் கடைக்கு வாருங்கள். உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.