நாடி துடித்த நாற்காலி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு உருப்படியாக ஏதாவது செய்தது என்றால், எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் கைப்பட்டை கட்டியதுதான். நலக்குழுத் தலைவர் என்ற முறையில் சொல்கிறேன். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத 'அண்மை அகச்சிவப்பு ஒளி' தோலுக்குள் புகுந்து, நாடியைப் பார்த்து, மேனேஜரின் திரையில் விளக்கைப் போடும். பச்சை என்றால் ஆரோக்கியம். சிவந்தால்தான் விடுப்பு. பட்டையைக் கழற்றினால் விளக்கு அணையும், வேலையும் போகும்.

ஒருநாள் ஸ்டோர்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சார், நெஞ்சை அடைக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மேனேஜர் திரையைப் பார்த்தார். "பச்சை எரியுதே."

"வலிக்குது சார்."

"வலிக்குதுன்னு நீங்க சொல்றீங்க. ஒண்ணும் இல்லைன்னு உங்க உடம்பு சொல்லுது. நான் யாரை நம்புறது?"

நியாயமான கேள்வி. ஸ்டோர்காரர் என்னைப் பார்த்தார். நான் பதவியின் கண்ணியம் கருதிக் கூரையைப் பார்த்தேன்.

அவர் அலமாரிகளுக்குப் பின்னால் இருந்த தன் இடத்துக்குப் போனார். பட்டையைக் கழற்றி நாற்காலியின் கைப்பிடியில் கட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மேலே ஓடிய மின்விசிறியின் நிழல் பட்டையின் மேல் விழுந்து விலக, ஒளி கூடிக் குறைவதை நாடி என்றே பட்டை எடுத்துக்கொண்டது; நாற்காலிக்கு நாடி துடித்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திரை இருக்க ஆள் எதற்கு? யாரோ மின்விசிறியின் வேகத்தைக் கூட்டியபோது, 'உடற்பயிற்சி செய்கிறார்' என்று திரை பாராட்டியது.

வாரக் கடைசிக் கூட்டத்தில் மேனேஜர் அவருக்கு 'நலச் செம்மல்' பட்டம் அறிவித்தார். "சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்ல. இவருக்கா நெஞ்சு வலி?"

அப்போது ஸ்டோர்காரரின் மனைவி உள்ளே வந்தார். "அவரோட மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தேன். ஐசியூலேர்ந்து நேத்துதான் வார்டுக்கு மாத்தினாங்க. கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளே இல்லைன்னாரு டாக்டர்."

மேனேஜர் திரையைப் பார்த்தார். "இங்க பச்சை எரியுதேம்மா."

எல்லோரும் அலமாரிக்குப் பின்னால் போனோம். அந்தம்மா நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஆள் இல்லாத இடத்துல எதுக்கு ஃபேன்?" என்று சுவிட்சை அணைத்தார்.

நாற்காலிக்கு மாரடைப்பு வந்தது. திரை சிவந்தது. மேனேஜர் உடனடியாக விடுப்பு வழங்கினார்.

இந்தக் கருவி யார் உயிரையாவது காப்பாற்றியிருக்கிறதா என்று மேலிடம் கேட்டிருக்கிறது. 'ஆம், ஓர் உயிரை' என்று பெருமையோடு பதில் எழுதியிருக்கிறேன். நல்ல வேளையாக அவர் அதைக் கழற்றிவிட்டார்.