விஸ்வநத்தத்தில் ஆங்கிலம் உருண்ட வரலாறு

ஆங்கிலத்தை எங்களுக்குச் சரியாகக் கற்பிக்க வெள்ளைக்காரனாலேயே முடியவில்லை. அத்தனை காலம் இங்கே இருந்தும் அந்த வித்தை அவனுக்குக் கைவரவில்லை. அந்தக் குறையை ஒரே சீசனில் தீர்த்துவைத்த பெருமை, விஸ்வநத்தத்தில் இருக்கும் 'கோல்டன் ஃபிளவர்பாட் இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்ற கல்விக்கூடத்தையே சேரும். பெயரில் உள்ள 'இன்டர்நேஷனல்' சும்மா வந்ததல்ல. முன்வாசல் எங்கள் ஊரிலும் பின்வாசல் பக்கத்து ஊர் எல்லையிலும் இருக்கிறது.

என் மகள் பொன்மணி அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் பஞ்சம்மாள். வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருவி வெயிலில் போட்டால் குழாய். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில். ஏஜெண்டு அன்பரசன் காகிதத்தைக் கொண்டுவந்து போடுவார், குழாயை எடுத்துக்கொள்வார், கூலியைத் தருவார். அந்தக் கூலி என் முந்தானையில் ஒரு ராத்திரி தங்கி ஓய்வெடுத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். குழாய் நின்றால் ஃபீஸ் நிற்கும். ஃபீஸ் நின்றால் பொன்மணி வாசலில் நிற்பாள். எங்கள் பொருளாதாரம் அவ்வளவு எளிமையானது.

நான் எழுத்துக் கூட்டக் கற்றதே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஆகவே கல்வி என்றால் எனக்குக் கொஞ்சம் பயபக்தி அதிகம். பெற்றோர் கூட்டம் என்றால் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான் கரஸ்பாண்டண்ட் ஜெயசுந்தர் அந்தப் பிரகடனத்தை வெளியிட்டார்.

"மனப்பாடக் கல்வி செத்துவிட்டது. இனிமேல் இந்த வளாகத்தில் 'ஃபன்' மட்டுமே. ஆங்கிலத்தை உங்கள் குழந்தைகள் விளையாடிக்கொண்டே கற்பார்கள்."

பின்னால் இருந்து பெத்தணன் எழுந்தார். தாள் கட்டு சுமந்து சுமந்து தோள் ஒரு பக்கம் இறங்கிப்போன மனிதர்.

"சார், ஃபன்னுன்னா பிள்ளைக சிரிக்கணுமா?"

"கட்டாயம் சிரிக்கணும். சிரிக்காத பிள்ளைகளின் பெற்றோர் அழைக்கப்படுவார்கள்."

கைதட்டினோம். நான் கொஞ்சம் கூடவே தட்டினேன்.

முதல் வாரம் பொன்மணி வீட்டுக்கு வந்தபோது விரல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

"என்னட்டி இது?"

"இங்கிலீஷும்மா."

"இங்கிலீஷ் எப்பட்டி ஒட்டுச்சு?"

"மிஸ் 'ரோல்'னு சொன்னா உருட்டணும். 'பேஸ்ட்'னு சொன்னா தடவணும். 'புல்'னா உருவணும். 'டிரை'னா வெயில்ல வச்சிட்டு வரணும். யாரு நெறைய வைக்காகளோ அவுகளுக்கு நெத்தியில ஸ்டார்."

ஆக்ஷனோடு செய்து காட்டினாள். செய்து காட்டவேண்டிய அவசியமே இல்லை. அந்த ஆங்கிலம் என் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

மறுவாரம் அன்பரசன் வண்டியை நிறுத்தினார். வண்டியில் காகிதம் இல்லை.

"லோடு இல்ல மதினி."

"சீசன் நேரத்துல லோடு இல்லையா? ஆர்டர் இல்லையோ?"

"ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. லோடுதான் இல்ல."

"எங்கன போச்சு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்கிலீஷுக்குப் போயிருச்சு."

விசாரித்ததில், வெடிக் கம்பெனி முதலாளியும் கரஸ்பாண்டண்டும் மச்சான் மாப்பிள்ளை என்று தெரிந்தது. கல்வியும் தொழிலும் கைகோக்க வேண்டும் என்று பெரியவர்கள் மேடைதோறும் பேசுகிறார்கள். இங்கே பெண் கொடுத்துப் பெண் எடுத்தே கோத்துவிட்டார்கள். இதை நாடு கவனிக்கவேண்டும்.

பள்ளி ஞாயிற்றுக்கிழமையையும் வீணாக்கவில்லை. அன்றைக்கு 'ஆன்லைன் ஃபன் ஹவர்'. சனிக்கிழமை பிள்ளைகள் பையில் காகிதக் கட்டு கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் 'ஆக்டிவிட்டி கிட்'. போனைப் பசைச் சட்டியில் சாய்த்துவைத்து உட்காரவேண்டும். திரையில் ஒரு பச்சைக்கிளி வந்து 'ரோல், ரோல்' என்று கத்தும். வேகமாக உருட்டினால் கிளி ஆடும். மெதுவாக உருட்டினால் அழும். நின்றுவிட்டால் மல்லாந்து விழுந்து செத்துப்போகும். பச்சைப் பிள்ளைகளுக்குக் கருணையைப் போதிக்க இதைவிடச் சிறந்த வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

பொன்மணியின் கிளி மூன்று தடவை செத்தது. அவள் கண்ணில் தண்ணீர். எனக்கோ வேலை இல்லாமல் கை துறுதுறு என்று இருந்தது. முகம் போனில் தெரியாதபடி உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி உருட்ட ஆரம்பித்தேன். கிளி எழுந்தது. ஆடியது. குட்டிக்கரணம் போட்டது. பள்ளிக்கூடத்திலேயே முதல் இடம் என்று திரையில் பூவாணம் பொங்கியது.

பியூலா மிஸ்ஸின் முகம் திரையில் வந்தது.

"பொன்மணி! இன்னைக்கு உன் ஃப்ளூயன்ஸி பிரமாதம்! யாரு சொல்லித் தந்தா?"

பொன்மணிக்குப் பொய் வராது. "எங்கம்மா கை, மிஸ்."

மறுநாள் கரஸ்பாண்டண்ட் அறைக்கு வரச்சொன்னார்கள். மிஸ்ஸும் ஓரமாக நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"சார், ஃபீஸு கட்டக் கொஞ்சம் தவணை வேணும். லோடு நின்னுபோச்சு. எங்க பொழப்பே அதுதான். பிள்ளையை வெளிய நிப்பாட்டிராதீக."

"லோடு என்ற வார்த்தையே இங்கே கிடையாதும்மா. அது 'கற்றல் உபகரணம்'. மாணவர்களுக்கு மட்டும்தான் தரமுடியும். வெளியாட்களுக்குத் தந்தால் கல்வியின் புனிதம் என்ன ஆவது?"

"அப்ப நான் என்ன செய்ய?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, என்னைக் கனிவோடு பார்த்தார்.

"சேர்ந்துவிடுங்களேன்."

"எதுல?"

"மூன்றாம் வகுப்பில். உங்கள் ஃப்ளூயன்ஸிக்கு எல்.கே.ஜி. அவமானம்."

"எனக்கும் ஃபீஸு உண்டா சார்?"

"உங்களுக்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டு. ஆனால் பணமாகக் கேட்கமாட்டோம். உருட்ட உருட்ட அதிலேயே கழியும்."

"எப்ப கழிஞ்சு முடியும்?"

"கல்விக்கு முடிவு உண்டா அம்மா?"

அப்பேர்ப்பட்ட தத்துவத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். பொன்மணி வாசலில் நிற்கவேண்டியதில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வெளியே வரும்போது பியூலா மிஸ் கூடவே வந்தார்.

"அக்கா, நான் எம்.ஏ. இங்கிலீஷ். இந்த வருஷம் ஒரு பாடங்கூட நடத்தல. மைதாவுல கட்டி விழாமப் பசை காய்ச்சக் கத்துக்கிட்டேன். அம்புட்டுதான்."

"நல்லாத்தான் காய்ச்சுதீக மிஸ். கொஞ்சம் துத்தம் சேருங்க, பூச்சி அரிக்காது."

"தேங்க்ஸ்க்கா," என்றார். அன்று அந்தப் பள்ளியில் நடந்த ஒரே உரையாடல் வகுப்பு அதுதான்.

என்னைத் தொடர்ந்து லோடு நின்றுபோன பெண்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பாலம்மாளுக்கு ரெட்டைச் சடையும் நீல ரிப்பனும் எடுப்பாக இருந்தன. அவள் பேரன் இரண்டாம் வகுப்பு. கிழவி தனக்கு மேல் வகுப்பு என்று அவன் அவளை 'சீனியர்' என்று கூப்பிட்டான். காலையில் வரிசையில் நின்று பிரார்த்தனை, பிறகு ரோல், பிறகு பேஸ்ட். மத்தியானம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு 'சைலண்ட் ரோலிங்'. மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. பழைய காலத்தில் உருட்டும்போது நாலு ஊர்க்கதை பேசுவோம். அது கல்விக்கு இடைஞ்சலாம்.

ஒருநாள் பொன்மணி என் காதோடு கேட்டாள்.

"யம்மா, இங்கிலீஷ் எப்பம்மா சொல்லித் தருவாக?"

"தீபாவளி முடியட்டும்ட்டி."

மிஸ்ஸிடமும் கேட்டுவைத்தேன். தீபாவளி முடிந்ததும் ஆங்கிலமும் முடிந்துவிடுமாம். அதற்குப் பிறகு காலண்டர் சீசன். அது கணக்குப் பாடமாம். தேதித்தாளை அடுக்கி, எண்ணி, தகரம் மாட்டவேண்டும்.

இவ்வளவு பெரிய சாதனை வெளியே தெரியாமல் இருக்குமா? பொறாமை பிடித்த யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று புகார். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கரஸ்பாண்டண்ட் பொன்னாடையைப் போர்த்தி, நேராக எங்கள் வகுப்புக்கு அழைத்துவந்தார்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். தரை முழுக்கக் காகிதம், பசைச் சட்டி, கம்பி. ஜன்னலுக்கு வெளியே குழாய் காய்ந்துகொண்டிருந்தது. அன்பரசன் கழுத்தில் 'லேப் அசிஸ்டெண்ட்' என்ற அட்டையோடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகளா, இங்கே வேலை செய்றீங்களா?"

"நோ சார்! வி ஆர் ஹேவிங் ஃபன் சார்!" கூரை அதிர்ந்தது. இதற்காகத் தனிப் பயிற்சி நடந்திருந்தது.

அதிகாரி ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். "இது என்ன?"

"நவுன் சார்!"

"இதை உருட்டுறது?"

"வெர்ப் சார்!"

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "கிராமர்லாம் இவ்வளவு சுத்தமா வருதே. என் மகளுக்கு இதெல்லாம் தெரியாது."

"இங்கேயே சேர்த்துவிடலாமே சார்," என்றார் கரஸ்பாண்டண்ட்.

அதிகாரி தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனார். "இல்லை இல்லை. அவளுக்குத் தோல் அலர்ஜி."

பிறகு என்னைப் பார்த்தார். சீருடைத் துணியில் சேலை, கழுத்தில் டை. பக்கத்தில் இருந்த பொன்மணியிடம் குனிந்து கேட்டார்: "ஹூ இஸ் திஸ்?"

பொன்மணி எழுந்து நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்:

"மை கிளாஸ்மேட், சார்."

அதிகாரி சிரித்தார். கரஸ்பாண்டண்ட் சிரித்தார். சிரிக்காத பிள்ளைகளின் பெற்றோர் அழைக்கப்படுவார்கள் என்பதால் நாங்களும் சிரித்தோம். பியூலா மிஸ் மட்டும் பசைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி அங்கேயே அறிக்கை எழுதி, உரக்க வாசித்துக் காட்டினார்: "இப்பள்ளியில் குழந்தைத் தொழிலாளர் எவரும் இல்லை. பெரியவர்கள் உட்பட, தொழிலாளர் என்று ஒருவர்கூட இல்லை."

சத்தியமான வார்த்தை. கூலி என்று ஒன்று கொடுத்தால்தானே தொழிலாளி என்று ஒருவர் இருக்கமுடியும்?