ரொட்டிக்கும் சண்டைக்கும் ஒரே வேர்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் மாப்பிள்ளையின் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் பையன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணின் வீட்டார் சம்மதித்துவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். அதை ஒரு வினைச்சொல்லிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும். அவள் தாய்மொழி எபிரேயம் அல்லவா, வரப்போகும் மருமகளிடம் நாலு வார்த்தையாவது பேச வேண்டுமே என்று, ரொட்டிக்கடை மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். போன வாரம் டீச்சரம்மா, "லெஹெம்னா ரொட்டி. அதே வேர்லதான் நில்ஹாம், சண்டை போடுறான். பொம்பளைன்னா நில்ஹெமெத்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. கீழேயிருந்து வெந்த மாவின் வாசனை ஏறி வந்தது, ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மெல்ல மிதந்தது, அதற்குள் இரண்டு படைகள் எதிரெதிரே வந்தன. யாரோ "நில்!" என்று தமிழில் சொல்ல, குதிரைகள் நின்றன, வீரர்கள் இறங்கி ஆளுக்கொரு ரொட்டியைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினார்கள். அண்ணி முழங்கையால் இடித்து, "குறட்டை விடாதீங்க, மானம் போவுது" என்றாள். நான் தூங்கவே இல்லை.

மறுநாள் பையன் வீடியோவில் கூப்பிட்டான். பக்கத்தில் அந்தப் பெண். ரொட்டி சாப்பிட்டாயா என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், "அத் நில்ஹெமெத்?" என்று வந்துவிட்டது. நீ சண்டை போடுகிறாயா என்று அர்த்தம். அவள் திகைத்துப்போய் என்னையே பார்த்தாள். பிறகு கண் கலங்க, பையனைக் கைகாட்டி, "அனி நில்ஹெமெத் இதோ" என்றாள்.

இதோ! தமிழ்! இதோ இவனுக்காகப் பெற்றவர்களோடு போராடிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். இப்படிப் போராடுகிறவள் தோற்பாளா? ஆகவே கல்யாணம் நிச்சயமானது போலத்தான். எதிர்வீட்டாருக்கும் முடிவெட்டுகிறவருக்கும் சொல்லிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பெட்டியைக் கட்டுங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு வாயாரப் பேசி நன்றாயிருங்கள்.

உன் அண்ணன்.

பி.கு.: பெட்டியைக் கட்ட வேண்டாம். அது தமிழ் "இதோ" இல்லையாம், எபிரேய "இத்தோ"வாம். "'அவனோட'ன்னு அர்த்தம். அவன் பக்கம் நின்னும் சண்டை போடலாம், அவன்கிட்டயே மல்லுக்கும் நிக்கலாம்" என்கிறார் டீச்சரம்மா. எது என்று கேட்க நான் போனை எடுத்தேன். "நீங்க பேசிக் கிழிச்சது போதும்" என்று அண்ணி பிடுங்கிக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அவளும் போனில் அந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எந்த மொழியில் என்று தெரியவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டதில் "நில்ஹெமெத்" மட்டும் புரிந்தது. அதைச் சொன்னது உன் அண்ணி.