மெனுவில் நான் சேர்த்த மணிவிழா

ஒரு வேலையை முழுசாக முடிக்கும் முன்பே நாலு பேரிடம் பெருமையடித்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு. அந்த வியாதியால்தான் என் மாமனாரை, அவருடைய மணிவிழா மேடையில் வைத்தே மேலோகம் அனுப்பினேன்.

அப்போது அவர் மாமனார் ஆகியிருக்கவில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், திருச்சுழி சண்முகவேல் மாமா. அவர் மகள் தேன்மொழியை எனக்குக் கேட்டிருந்தோம். தேன்மொழிக்குச் சம்மதம். மாமாதான், "மணிவிழா முடியட்டும், சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவரை அசத்திவிடலாம் என்று, விழாவில் அவர் படங்களைத் திரையில் ஓட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. வருகிறவர்களின் பென் டிரைவில் ஊர்ப்பட்ட வைரஸ் வந்ததால் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியிருந்தேன். ஒரே போல்டரில் போட்டுவைக்கும் படங்களை எடுத்து, பூச்சட்டம் போட்டு, இசையோடு ஓட்ட இரண்டு புரோகிராம் எழுதியிருந்தேன் (எழுதினேன் என்றால், இணையத்தில் நாலு இடத்தில் எடுத்து ஒட்டினேன்). ஒன்று விசேஷ வீட்டுக்கு, ஒன்று துக்க வீட்டுக்கு.

நாமே செய்த புரோகிராமை டெஸ்க்டாப் மெனுவில் சேர்க்கலாம் என்று தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சின்ன ஃபைல்தான். பெயருக்கு ஒரு வரி, ஐகானுக்கு ஒரு வரி, சொடுக்கினால் எது ஓட வேண்டும் என்பதற்கு ஒரு வரி. சேமித்தால் பெரிய கம்பெனிக்காரர்களின் சாஃப்ட்வேருக்கு நடுவே நம்முடையதும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்! முதலில் 'கண்ணீர் அஞ்சலி'யைச் சேர்த்தேன். அந்த ஃபைலையே நகலெடுத்து 'மணிவிழா' ஆக்கினேன். பெயரை மாற்றினேன். போல்டரில் மாமாவின் படங்களைப் போட்டு, ஐகானாக அவருடைய சிரித்த முகத்தை வைத்தேன். மெனுவில் மாமா சிரித்ததும் அதைப் படமெடுத்துத் தேன்மொழிக்கு அனுப்பினேன். "சூப்பர் மச்சான்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு சொடுக்கிச் சரிபார்க்க யாருக்குத் தோன்றும்?

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மாமா மாலையும் பட்டு வேட்டியுமாக மேடையில். நான் மைக்கில், "இது நானே செஞ்ச சாஃப்ட்வேரு!" என்று அறிவித்துவிட்டு மெனுவைத் திறந்து மாமாவின் முகத்தைச் சொடுக்கினேன்.

சோக ஷெனாய் எழுந்தது. திரையில் மாமாவின் படம், இருபுறமும் விளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'மறைவு' என்று போட்டு, நிரப்புவதற்குக் காலி இடம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமாவின் சித்தி, பரளச்சியிலிருந்து வந்த பஸ் பிந்தியதால், வாசலில் நுழைந்தார். முதலில் கண்ணில் பட்டது திரை. "ஏ ராசா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள், யார், என்ன என்று கேட்காமலே அவரைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள் (எங்கள் பக்கத்தில் அழுகிறவரைத் தனியாக அழ விடமாட்டோம்).

"சின்னம்மா, நான் இங்கனதான இருக்கேன்!" என்று மாமா மேடையிலிருந்து கத்தினார். ஷெனாய்தான் ஜெயித்தது. நான் பதறிப்போய் லேப்டாப்பின் வயரைப் பிடுங்கினேன். பேட்டரியில் மாமா இன்னும் நிதானமாக மறைந்துகொண்டிருந்தார்.

தேன்மொழிதான் ஓடிவந்து ஒரே பட்டனில் நிறுத்தினாள். அந்த ஃபைலைத் திறந்து பார்த்தவள் பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "பேர மாத்துனீக, படத்த மாத்துனீக. எது ஓடணுங்கிற வரிய மாத்துனீகளா மச்சான்?"

எனக்குப் பெண் இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு மாதம் மாமா என் போனை எடுக்கவில்லை. தேன்மொழி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் சம்மதித்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. ஆகவே ஸ்டுடியோக்காரனான என் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் எதிர்க்கடைக்காரர்.

இன்றும் எந்த விசேஷத்திலாவது நான் லேப்டாப்பைத் திறந்தால் போதும், மாமா எழுந்து போய் வாசலில் நின்றுகொள்கிறார். வருகிறவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லாப் பாத்துக்கிருங்க, உசுரோடதான் இருக்கேன்" என்று சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்: "ம், இப்பப் போடுங்க மாப்ள!"